கதை முடிந்த பின்னும் விழித்திருப்பவள்

கதை சொல்லி முடிக்கும் பாட்டிமார் நம் வீடுகளில் ஒரு சொற்றொடரைச் சொல்வது வழக்கம். "கதையும் முடிந்தது, கத்தரிக்காயும் காய்த்தது" என்பார்கள். கதைக்கும் கத்தரிக்காய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது கேட்கும் குழந்தைக்கும் தெரியும். ஆயினும் அச்சொற்றொடர் காதில் விழுந்ததும் இனிக் கேள்விக்கு இடமில்லை, உறங்கப் போக வேண்டியதுதான் என்று அது புரிந்துகொள்ளும். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த 'ஹான்சலும் கிரெட்டலும்' என்னும் கதையும் இவ்வாறே முடிகிறது. ஓடுகிற ஓர் எலியையும் அதன் தோலில் தைக்கக்கூடிய தொப்பியையும் பற்றிய வேடிக்கைப் பேச்சு ஒன்று அதன் ஈற்றில் வருகிறது. அதுவரை நடந்ததற்கும் அந்த எலிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஒரு கிழவி அடுப்பில் எரிந்து மாண்ட கதைக்குப் பின், கேட்பவரைச் சிரிக்க வைத்துப் படுக்கைக்கு அனுப்பும் உத்தி அது.

ஆனால் எல்லாக் குழந்தைகளும் உடனே உறங்கிவிடுவதில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் "அப்புறம்?" என்று கேட்கும். பெரியவர்களாகிய நாம் அதற்கு மறுமொழி சொல்வதில்லை. அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் க்ளுக் அந்த "அப்புறம்?" என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டு ஒரு கவிதை எழுதினார். 1975இல் வெளிவந்த, 'சதுப்பு நிலத்து வீடு' என்று நாம் தமிழில் பெயரிடத்தக்க தொகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. கவிதையின் பெயர் 'இருளில் கிரெட்டல்'. க்ளுக் 2020இல் இலக்கியத்திற்கான நோபெல் பரிசைப் பெற்றார், 2023இல் மறைந்தார். அவருடைய பிற்காலத் தொகுப்புகளே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும் நான்கு பத்திகளாக அமைந்த, இருபத்து நான்கே அடிகள் கொண்ட இந்தச் சிறு கவிதை எழுப்பும் அறக்கேள்வி நம்மைப் பல நாள் விடவில்லை. அதனைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க முனைகிறோம்.

முதலில் பழங்கதையை நினைவுபடுத்திக்கொள்வோம். பஞ்ச காலம். விறகுவெட்டி ஒருவனுக்கு மனைவியும் இரு பிள்ளைகளும் உண்டு. உண்ண ஏதும் இல்லை. பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்கிறாள் மனைவி. கணவன் முதலில் மறுக்கிறான், பிறகு இணங்குகிறான். பசியால் உறக்கம் வராத பிள்ளைகள் இதனைக் கேட்டுவிடுகிறார்கள். கிரெட்டல் அழுகிறாள். இறைவன் நம்மைக் கைவிடமாட்டார் என்று அண்ணன் ஹான்சல் அவளைத் தேற்றுகிறான். வெண்கூழாங்கற்களை வழியெங்கும் போட்டு வைத்து ஒருமுறை வீடு திரும்புகிறார்கள். மறுமுறை கல் கிடைக்கவில்லை. ரொட்டித் துணுக்குகளைப் போடுகிறான், பறவைகள் அவற்றைத் தின்றுவிடுகின்றன. வழி தவறிய பிள்ளைகள் ரொட்டியால் சுவரும் சர்க்கரையால் பலகணியும் கொண்ட வீட்டை அடைகிறார்கள். அங்கிருக்கும் சூனியக்காரி ஹான்சலைத் தொழுவம் போன்ற ஒரு கூட்டில் அடைத்துக் கொழுக்க வைக்கிறாள். கண் மங்கிய அவளிடம் அவன் விரலுக்குப் பதில் ஓர் எலும்பை நீட்டி நாள் கடத்துகிறான். நான்கு வாரம் கழிகிறது. பொறுமை இழந்த கிழவி அடுப்பை மூட்டுகிறாள். சூடு ஏறிவிட்டதா என்று உள்ளே தலையை நீட்டிப் பார்க்கும்படி கிரெட்டலிடம் சொல்கிறாள். எப்படி என்று தெரியவில்லை, நீயே காட்டு என்கிறாள் சிறுமி. கிழவி தலையை நீட்டியதும் அவளைத் தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தி, தாழும் இடுகிறாள்.

அழுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவளாகக் கதைக்குள் வந்த சிறுமி, கதையின் ஒரே பெரும் செயலைச் செய்தவளாக வெளியேறுகிறாள். அண்ணனின் உபாயங்கள் யாவும் தப்பித்தலுக்கும் தாமதத்திற்கும் மட்டுமே உதவின. முடிவு செய்தவை அவளுடைய இரு கைகள். பிறகு முத்தும் மணியும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வீடு சேர்கிறார்கள். அங்கே தாய் இறந்து போயிருக்கிறாள். தந்தை மகிழ்கிறான். கவலை தீர்ந்தது.

இந்தக் கதை சொல்லப்பட்ட ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் அதிலுள்ள ஒரு கறையைத் துடைத்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. 1812இல் வெளிவந்த முதற்பதிப்பில் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பச் சொல்பவள் பெற்ற தாயே. பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று உறுத்தியது போலும். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். 1893இல் வைமர் நகரில் முதன்முதலாக மேடையேறிய ஹும்பர்டிங்கின் இசை நாடகத்தில் பெற்றோர் பிள்ளைகளைக் கைவிடுவதே இல்லை. தாய் கோபத்தில் பழம் பறிக்க அனுப்புகிறாள், அவ்வளவே. காட்டில் உறங்கப் போகும் பிள்ளைகள் மாலைச் செபம் சொல்கிறார்கள், பதினான்கு வானதூதர்கள் இறங்கி வந்து காவல் நிற்கிறார்கள். அந்தச் செபத்தின் இசை மிக இனியது; கேட்டவர் மறப்பது அரிது. ஆயினும் கதையின் பஞ்சமும் பெற்றோரின் குற்றமும் அங்கே பனியைப் போல் உருகிப் போய்விட்டன.

இத்தனை பேர் இத்தனையைத் துடைத்தும் அடுப்பை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அங்கே துடைக்க ஏதும் இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை. கிரிம் சகோதரர்களே கிழவியைக் கடவுளற்றவள் என்று சொல்லி அவள் சாவைத் தீர்த்துக் கட்டிவிடுகிறார்கள். கேட்கும் குழந்தைகளும் கைகொட்டுகிறார்கள். குழந்தைகள் நீதியையே விரும்புவர், இரக்கத்தைத் தேடுபவர் குற்றமுள்ள பெரியவர்களே என்ற கருத்துப்படச் செஸ்டர்டன் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். குழந்தைப் பருவத்துக் கதைகளிலிருந்தே தம் மெய்யியலைக் கற்றதாகச் சொல்லிக்கொண்ட அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது கதையைக் கேட்கும் குழந்தைக்கே பொருந்தும். கதைக்குள் இருந்து, தாழ்ப்பாளின் சூட்டைக் கையில் உணர்ந்த குழந்தைக்கு அது பொருந்துமா?

க்ளுக்கின் கவிதை அந்தக் குழந்தையின் வாயிலாகவே பேசுகிறது. ஆண்டுகள் பல சென்றுவிட்டன. தந்தையின் குடிசை. பசி இல்லை. தாங்கள் வேண்டிய உலகம் கிடைத்துவிட்டதாகவும் தங்களைக் கொல்ல நினைத்தவர் எவரும் இன்று உயிரோடில்லை என்றும் சொல்லித்தான் கிரெட்டல் தொடங்குகிறாள். நற்செய்தி போலத் தொடங்கும் அப்பேச்சு அடுத்த மூச்சிலேயே உடைகிறது. நிலா வெளிச்சத்தில், சர்க்கரைப் பலகணியைக் கிழித்துக்கொண்டு வரும் கிழவியின் அலறல் அவள் காதில் விழுகிறது. எரிந்து சுருங்கும் நாவு கண்ணில் தெரிகிறது. தந்தை இரவுதோறும் கதவைத் தாழிடுகிறான். ஒருவருக்கும் எதுவும் நினைவில் இல்லை. அண்ணன்கூட, கோடைப் பிற்பகல்களில், எங்கோ புறப்பட்டுப் போக எண்ணுபவன் போல் அவளைப் பார்க்கிறான். எதுவுமே நடவாதது போன்ற பார்வை அது. உனக்காக அல்லவா அதைச் செய்தேன் என்று அவள் உள்ளம் கதறுகிறது. இரவில் அவனை நோக்கித் திரும்புகிறாள், அவன் அங்கில்லை. அந்தக் கருங்காடும் அந்த நெருப்பும் மெய்யானவை, நாம் இன்னும் அங்கேயே இருக்கிறோம் என்று அண்ணனை அழைத்துச் சொல்வதோடு கவிதை நின்றுவிடுகிறது.

பழங்கதையின் ஒரு நிகழ்ச்சியைக்கூட இக்கவிஞர் மாற்றவில்லை என்பதை முதலில் பாராட்ட வேண்டும். இன்று பழங்கதைகளைத் திருப்பிச் சொல்வோர் பலர். ஓநாயை நல்லவனாக்குவது, இளவரசியைக் கொடியவளாக்குவது, இதுவே புதுமை என்று அவர்களுள் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். சட்டையை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டால் அது புதுச் சட்டை ஆகிவிடாது. 1971இல் ஆன் செக்ஸ்டன் என்னும் கவிஞர் கிரிம் கதைகள் பலவற்றைக் கூர்மையான எள்ளலோடு கவிதையாக்கினார். அவற்றின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கவிஞர் கதைக்கு வெளியே நின்று சிரிக்கிறார். நமக்கும் அவரோடு சேர்ந்து சிரிக்கத்தான் தோன்றுகிறது. க்ளுக் கதைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்.

நம் மொழியில் இதற்கு நிகராக ஒன்றைச் சொல்வதானால் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' கதையைத்தான் சொல்ல வேண்டும். அகலிகை மீண்டும் பெண்ணாகிவிட்டாள். புராணம் அங்கே முடிந்துவிடுகிறது. புதுமைப்பித்தனோ அங்கிருந்து தொடங்குகிறார். சாபம் நீங்கியும் உள்ளம் நேராகவில்லை; ஊராரின் பார்வையும் கணவனின் கனிவும்கூட அவளைச் சுடுகின்றன. மீட்பு நடந்த மறுநாள் எப்படி விடிகிறது என்ற கேள்வி இரு படைப்பாளிகளுக்கும் பொதுவானது.

இனி அறக்கேள்விக்கு வருவோம். கிரெட்டல் செய்தது பாவமா?

இல்லை என்று எவரும் உடனே சொல்வர். புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் தற்காப்பைப் பற்றி ஆராய்கையில், ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கக்கூடும் என்கிறார். உயிர் காப்பது ஒன்று, தாக்கியவன் மடிவது மற்றொன்று. முன்னதே நாட்டமாக இருந்து, வன்மையும் தேவைக்கு மிகாமல் இருக்குமாயின் அச்செயல் குற்றமாகாது. தள்ளியது சரி. தாழிட்டது? அங்கேதான் அறநூலார் சற்றுத் தயங்கக்கூடும். ஆனால் தாழிடாவிட்டால் கிழவி வெளியே வந்திருப்பாள், அண்ணன் கூட்டில் இருக்கிறான், செய்தவளோ சிறுமி. எந்த நடுவரும் அவளை விடுவிப்பார்.

அப்படியானால் அவளுக்கு ஏன் விடுதலை இல்லை?

எளிதாகச் சொல்லக்கூடிய விடைகள் இரண்டு உண்டு. உன்மேல் குற்றமில்லை, ஆகவே இது வெறும் மனமயக்கம், மறந்துவிடு என்பது ஒன்று. உறுத்தல் இருப்பதால் எங்கோ குற்றம் இருக்கத்தான் வேண்டும், தேடிப் பார் என்பது மற்றொன்று. முன்னதை உலகத்தார் சொல்வர். பின்னதைச் சில வேளைகளில் பக்திமான்களாகிய நாமே சொல்லிவிடுகிறோம். இரண்டும் அவளைத் தொடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அவள் தன்னைக் குற்றவாளி என்று கவிதையில் எங்கும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நடந்தது நடந்தது என்றுதான் மீண்டும் மீண்டும் சொல்கிறாள்.

இந்த இடத்தில் பழைய திருச்சபையின் ஒரு வழக்கம் நமக்குத் துணை வருகிறது. நான்காம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார், இக்கோனியத்தின் ஆயர் அம்பிலோக்கியுவுக்கு எழுதிய திருமுகம் ஒன்றில் போரில் கொன்றவர்களைக் குறிப்பிடுகிறார். நம் முன்னோர் அதனைக் கொலைக் குற்றங்களோடு சேர்க்கவில்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அவர்கள் கைகள் தூய்மையாக இல்லாமையால், மூன்று ஆண்டுகள் நற்கருணை வாங்காமல் இருக்கும்படி அறிவுரை சொல்வது நன்றாயிருக்கலாம் என்கிறார். இது அறிவுரையே, சட்டம் அன்று. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன் படை வீரர்களுக்கு அவர்களுடைய ஆயர்களே தவமுயற்சி விதித்தார்கள். திருத்தந்தையின் ஆதரவு பெற்றதாகக் கூறப்பட்ட படை அது. இருந்தும், கொன்ற ஒவ்வொருவனுக்காகவும் ஓராண்டுத் தவம்; காயப்படுத்தியவன் இறந்தானா என்று தெரியாவிட்டால் நாற்பது நாள்; எத்தனை பேரைக் கொன்றோம் என்று தெரியாதவனுக்கு வாரத்தில் ஒரு நாள் என வாழ்நாள் முழுவதும்.

இவற்றை முதன்முறை படித்தபோது நமக்குச் சினமே வந்தது. குற்றமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்டனையும் தருவதா? பின்னர் கிரெட்டலை எண்ணிப் பார்த்தபோது வேறு விதமாகத் தோன்றிற்று. ஊர் திரும்பிய வீரனைப் பார்த்து, "நீ பாவி" என்று அந்த ஆயர்கள் சொல்லவில்லை. "ஒன்றும் நடக்கவில்லை, போய் உறங்கு" என்றும் சொல்லவில்லை. உன் கையால் ஒருவன் இறந்தான், அது எங்களுக்கும் தெரியும், அதற்கு இவ்வளவு நாள் ஆகும் என்று சொன்னார்கள். ஒரு கணக்கு, ஒரு காலவரை, ஊர் அறிந்த ஒரு நோன்பு. இன்று அவ்வழக்கங்கள் இல்லை. மீண்டும் வர வேண்டும் என்றும் நாம் வாதிடவில்லை. ஆனால் கிரெட்டலுக்கு அப்படி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முத்தும் மணியும் கிடைத்தன.

யூதித்தின் கதையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவளும் ஒரு பெண். அவளும் சூழ்ச்சியால் பகைவனை நெருங்கி, தன் கையாலேயே ஒலோபெரினைக் கொன்றாள். செயலின் கடுமையில் கிரெட்டலுடையதைவிட ஒரு படி மேல். ஆனால் அவள் இரவோடிரவாகத் திரும்பி வந்து நகர வாயிலில் நின்று கூப்பிட்டபோது, சிறியோர் முதல் பெரியோர் வரை எல்லாரும் ஓடி வந்தார்கள். நடந்ததை அவள் மக்கள் நடுவே தொடக்கத்திலிருந்து சொன்னாள், அவர்கள் கேட்டார்கள். பிறகு பாட்டு, ஊர்வலம், எருசலேமில் வழிபாடு. நூற்றைந்து வயது வரை வாழ்ந்தாள், தன் பணிப்பெண்ணுக்கு விடுதலை அளித்தாள் என்கிறது திருநூல். அவளுடைய இரவுகள் எப்படி இருந்தன என்பதைத் திருநூல் சொல்லவில்லை. ஒன்று மட்டும் உறுதி: அவள் செய்ததை அவள் ஒருத்தி மட்டுமே சுமக்கவில்லை.

கவிதையில் தந்தை கதவைத் தாழிடும் இடம் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. தீங்கு உள்ளே வராமல் தடுக்கும் தந்தை அவன். ஆனால் பிள்ளைகளைக் காட்டுக்கு இட்டுச் சென்ற தந்தையும் அவனே அல்லவா? அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் இல்லை. பெண்கள் இருவரும் இறந்துவிட்டார்கள், பழி அவர்களோடு போய்விட்டது. ஆண்கள் இருவரும் நிம்மதியாக இருக்கிறார்கள். பெண்களின் நினைவே இல்லாத அவ்வீட்டில் இனிப் பெண்ணாக வளர வேண்டியவள் கிரெட்டல் ஒருத்தியே. இரவுதோறும் அவள் கேட்பது தாழ்ப்பாளின் ஓசை. தாழ்ப்பாளின் ஓசை அவளுக்கு எதனை நினைவூட்டும் என்பதை அந்த அன்பான தந்தை ஒருநாளும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டான்.

இறைவனைப் பற்றிய சொல்லும் கவிதையில் ஒரே ஓரிடத்தில் வருகிறது. கிழவியின் அலறலை ஒட்டி, இறைவன் தரும் கைம்மாற்றைப் பற்றி ஒரு சிறு கூற்று. அதைச் சொல்பவர் யார் என்று தெளிவாக இல்லை. சாகும் கிழவியின் சாபமா, பிழைத்த சிறுமியின் நன்றியா, ஆண்டுகள் கழித்து வரும் கசப்பா? பழங்கதையில் கிரெட்டல் இறைவனை நோக்கி அழுது மன்றாடினாள். மன்றாட்டும் கேட்கப்பட்டது. கேட்கப்பட்ட மன்றாட்டே சுமையாகிவிடும் நிலை ஒன்று உண்டு என்பதைப் பக்தி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. இக்கூற்றைப் படித்து இறைநம்பிக்கையற்ற கவிதை என்று ஒதுக்கிவிடுபவர்களும் இருக்கலாம். திருப்பாடல்களில் இதைவிடக் கடுமையான குரல்கள் உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

இன்னொரு நிழலும் இக்கவிதையின்மேல் விழுகிறது. க்ளுக் 1943இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை வழியில் ஹங்கேரிய யூதக் குடும்பம். ஜெர்மனியின் காடு, பளபளக்கும் சூளை, அதன் கூர்முனைகள், காற்றாகிப் போகும் நாவு, அமைதியில் சீறும் ஒற்றர்கள், இவை யாவும் ஒரே கவிதையில் வரும்போது, அவர் பிறந்த காலத்தில் ஐரோப்பாவில் நடந்ததை நினையாமல் படிக்க இயலாது. அங்கே அடுப்பில் இடப்பட்டவர்கள் கொடியவர் அல்லர். கதை அப்படியே தலைகீழாகிவிடுகிறது. அந்தச் சூளைகளிலிருந்து தப்பியவர்களும் பிற்காலத்தில், உண்ண உணவும் தாழிட்ட கதவும் உள்ள வீடுகளில், ஒருவரும் கேட்க விரும்பாத நினைவோடு விழித்திருந்தார்கள். கவிஞர் இதனை வெளிப்படச் சொல்லவில்லை. நாமும் அளவுக்கு மீறிச் சொல்லாமல் விடுவதே முறை.

ஆனால் சூனியக்காரியைப் பற்றி ஒரு சொல். பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை இருப்பர் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஜெர்மானிய நிலப்பகுதிகளிலேயே கொடுமை மிகுதி. கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார் என்ற வேறுபாடு இதில் இல்லை. கதையின் கிழவி குழந்தைகளைத் தின்பவள், ஐயமில்லை. ஆனாலும் காட்டோரம் தனித்து வாழும் கிழவி எரிக்கப்படத் தக்கவள் என்று ஒரு மக்கள் கூட்டமே கதை சொல்லிப் பழகியிருந்தது. கிரெட்டலின் காதில் விழும் அலறலுக்கு நாம் ஏன் செவி சாய்க்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் ஒரு குழந்தைக் கதைக்குத் தேவையா என்று கேட்கப்படலாம். நண்பர் ஒருவர் நம்மிடம் அப்படித்தான் கேட்டார். அவருக்கு நாம் வாதம் எதுவும் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னோம்.

அக்குடும்பத்தில் தந்தை நோயுற்று மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தார். மூச்சுக் கருவியால் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. இனிப் பயனில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பிள்ளைகள் நால்வர், மூத்தவர் மகள். தம்பியர் தாழ்வாரத்தில் நின்றார்கள், தாய் செபமாலையோடு அமர்ந்திருந்தார். தாளில் கையெழுத்திட்டவர் அந்த மகள். அளவுக்கு மிஞ்சிய சிகிச்சை முறைகளைக் கையாளும் கடமை இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே மருத்துவர்களிடம் விளக்கியிருக்கிறார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அதனையே உறுதி செய்கிறது. அந்த மகளும் இதனை அறிவார். பங்குத் தந்தையும் அதையே எடுத்துச் சொன்னார். இருந்தும் அவர் மீண்டும் மீண்டும் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் சென்று அதையே அறிக்கையிட்டார். வீட்டில் எவரும் அந்நாளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆண்டு நினைவுத் திருப்பலிக்குத் தம்பியர் வருவார்கள், உண்பார்கள், பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுவார்கள். "அவர்கள் என்னைக் குறை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒன்றுமே நடக்காதது போல் சாம்பாரைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்றார் அந்த அம்மையார்.

இறுதியில் ஒருநாள் குருவானவர், பாவத்தைச் சொல்ல வேண்டாம், அந்த நாளைச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். காலையில் எழுந்ததிலிருந்து, எந்தப் பேருந்தில் ஏறினார், எந்தப் பேனாவால் எழுதினார் என்பது வரை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. இதனை அம்மையாரே பின்னாளில் நம்மிடம் சொன்னார். அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவருடைய தம்பியருள் ஒருவர் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம்தான் எழுந்தது.

நண்பர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஹான்சல் நன்றி கெட்டவன்தான்" என்றார். நாம் அதையும் ஏற்கவில்லை. கவிதையை மட்டும் படித்தால் அப்படித் தோன்றும். பழங்கதைக்குத் திரும்பிச் சென்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அடுப்படியில் நடந்ததை ஹான்சல் பார்க்கவே இல்லை. அவன் கூட்டில் அடைபட்டிருந்தான். கிரெட்டல் நேரே அவனிடம் ஓடிச் சென்று கதவைத் திறந்து, நாம் பிழைத்தோம், கிழவி இறந்துவிட்டாள் என்று சொல்கிறாள். அவன் கூண்டு திறந்த பறவையைப் போல் வெளியே குதிக்கிறான். கட்டித் தழுவுகிறார்கள், துள்ளி ஆடுகிறார்கள், முத்தமிடுகிறார்கள். எப்படி இறந்தாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உடனே முத்துப் பெட்டிகளைத் திறந்து சட்டைப் பைகளை நிரப்பிக்கொள்வதில் இருவரும் முனைகிறார்கள். பிள்ளைகள்தாமே. அவனைப் பொறுத்தவரை கிழவியின் சாவு ஒரு நல்ல செய்தி மட்டுமே. அதற்கு ஓசையும் இல்லை, மணமும் இல்லை. அவனுக்கு மறப்பதற்கு என்ன இருக்கிறது?

1857ஆம் ஆண்டுப் பதிப்பில், வீடு திரும்பும் வழியில் ஒரு பெரிய நீர்நிலை குறுக்கிடுகிறது. பாலம் இல்லை, படகும் இல்லை. ஒரு வெள்ளை வாத்து நீந்திக்கொண்டிருக்கிறது. கிரெட்டல் அதனை அழைக்கிறாள், அது கரைக்கு வருகிறது. ஹான்சல் அதன்மேல் ஏறி அமர்ந்து, நீயும் வந்து என்னருகே உட்கார் என்று தங்கையைக் கூப்பிடுகிறான். அவள் மறுக்கிறாள். இருவரையும் சேர்த்துச் சுமப்பது வாத்துக்குப் பாரமாகும், ஒருவர் பின் ஒருவராகப் போவோம் என்கிறாள். அவன் முதலில் போகிறான். வாத்து அவனை அக்கரை சேர்த்துவிட்டுத் திரும்பி வரும் வரை அவள் இக்கரையில், காட்டுக்கு முதுகைக் காட்டியபடி, தனியே நிற்கிறாள். அது எவ்வளவு நேரம் என்று கதை சொல்லவில்லை.